இருநூறு கொள்ளும் குடுவை

ஊரில் அவரை மழைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெய்ய வைக்கிறவர் இல்லை, அளக்கிறவர். தினமும் காலை எட்டரைக்கு வானிலை நிலையத்துக்குப் போய் வெப்பமானியைப் பார்ப்பார். மழைமானிக் குடுவையில் சேர்ந்த தண்ணீரை அளந்து படிவத்தில் எழுதுவார். முப்பத்தோரு வருஷமாக இதே பிழைப்பு. முன்பெல்லாம் கோடையில் ஒரு நாள் எட்டிப் பார்த்த நாற்பது டிகிரி, இப்போது பதினைந்து நாள் குடித்தனம் பண்ணிவிட்டுப் போகிறது. மழையோ மாதக்கணக்கில் தலைகாட்டாது. வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும்.

குடுவை இருநூறு மில்லிமீட்டர்தான் கொள்ளும். முதல் இருபது வருஷத்தில் ஒரு தடவை நிரம்பியது. அதற்குப் பிறகு ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் 200 என்று எழுதி, பக்கத்தில் 'நிரம்பி வழிந்தது' என்று குறிப்பும் போட்டார். தலைமை அலுவலகத்தில் எண்ணை மட்டும் கணினியில் ஏற்றினார்கள்.

பெரிய குடுவை கேட்டு எழுதினார். "தங்கள் நிலையத்தில் இருநூறுக்கு மேல் மழை பதிவானதே இல்லை. எனவே தேவையில்லை" என்று பதில் வந்தது. படித்துவிட்டு மனுஷன் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது, சண்டை போட்டிருக்க வேண்டும்.

பிறகு அவருடைய அக்கா தெருவில் வெள்ளநீர்க் கால்வாய் கட்ட, மழைக் கணக்குக் கேட்டுப் பொறியாளர் நிலையத்துக்கு வந்தார்.

"அதிகபட்சம் இருநூறுதானே?"

"அது குடுவையோட அளவு சார். மழை அதுக்கு மேலயும் பெய்ஞ்சிருக்கு."

"எவ்வளவு மேல?"

தரையில் வழிந்ததை யார் அளந்தார்கள்?

"அப்போ எழுதினது சரின்னு கையெழுத்து போடுங்க, போதும்."

எழுதினது சரிதான். ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று போட்டுவிட்டார்.

கால்வாய் கட்டி முடிந்து மழைக்காலம் நெருங்கியபோது அக்கா கேட்டாள். அவள் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை.

"ஏன்டா தம்பி, கால்வாய் தாங்குமா? இவரை மாடிக்கு மாத்திடட்டுமா?"

"தாங்கும்க்கா. எதுக்கு அவரைப் போட்டு அலைக்கழிக்கிறே?"

மனசறிந்து சொன்ன பொய்.

அடுத்துக் கொட்டிய பெருமழைக்குக் கால்வாய் ஒரு மணி நேரம் தாங்கியது. புருஷனைத் தூக்க ஆள் கூப்பிட அக்கா தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, சேறு கழுவாத கூடத்தில் உட்கார்ந்து அவர் உள்ளதைச் சொன்னார், குடுவை வழிந்தது முதல் கையெழுத்து வரைக்கும். அக்கா அழவில்லை. கத்தவும் இல்லை.

"மழையைப் பத்தித் தெரியாதவன் எவனாவது தாங்கும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேனேடா" என்றாள்.