பாண்டியின் கார்டைக் குளிர வைத்த கதை

கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கிற என் சக ஜென்மங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கிராபிக்ஸ் கார்டுக்குக் கூலர் மாற்றும் வேலையில் கார்டுக்கு முன்னால் நம் தலைதான் சூடாகும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. திரையில் படமும் வீடியோவும் ஓடுவதற்காக உழைக்கிற பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. உழைத்தால் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ள அலுமினியத் தகடுகளும் காற்றாடிகளும் சேர்த்து ஒரு கூலரைக் கம்பெனியே வைத்துத் தருகிறது. அது தேய்ந்துபோனாலோ போதாவிட்டாலோ கழற்றிவிட்டு வேறொன்று வாங்கி மாட்ட வேண்டும். எதை மாட்டுவது என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

போடியில் நான் கடை திறந்தபோது, ஒரு பொம்பளை கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். அதே ஆட்கள் இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருக்கிறார்கள். கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதற்கு எந்தக் கூலர் பொருந்தும் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாகவேதான் சொல்கிறேன். அப்படிப்பட்ட என்னை மலையேற வைத்தது பாண்டியின் கார்டு.

கலர் விளக்கு

பாண்டி குரங்கணிக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு போய்விட்டது. இனி ஜீப்பில் ஏறினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, கல்யாண வீடியோ எடுத்து, அதை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலையைக் கற்றுக்கொண்டான். கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட். அதிலிருந்த கார்டு முன்பு யாரிடமோ ராப்பகலாக ஓடித் தேய்ந்தது. காற்றாடிகள் முனகின. வீடியோ பாதி முடிந்திருக்கும்போது மெஷின் தானாக அணைந்தது.

போனில் ஒரு கூலரின் படத்தைக் காட்டினான். மூன்று காற்றாடி, மூன்றிலும் கலர் கலராக விளக்கு. இதே மாதிரிதான் வேண்டும் என்றான். நான் ஸ்கேலை எடுத்து, கார்டின் சிப்பைச் சுற்றியிருக்கும் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து காட்டினேன். கூலரின் திருகுகள் அந்த ஓட்டைகளில் சரியாக உட்கார வேண்டும். அவன் காட்டியது உட்காராது. உட்கார்ந்தாலும் அந்த நீளத்துக்குப் பெட்டியை மூட முடியாது. இதையெல்லாம் விளக்கி முடிக்கும்வரை பாண்டி தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "அப்ப அந்த லைட்டு மட்டும் தனியாக் கெடைக்குமாக்கா?"

கறுப்பு கூலர்

விளக்கும் கிளக்கும் இல்லாத, இரண்டு காற்றாடி வைத்த கறுப்பு கூலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டை பொருந்தியது, நீளம் பொருந்தியது, தடிமனும் பக்கத்துப் பலகையில் இடிக்கவில்லை. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பசை காய்ந்து பொருக்காகிக் கிடந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன். மெமரி சிப்புகளின் தலையிலும் சின்னச் சின்ன தகடுகளை ஒட்டினேன். நம்மில் பலர் அதை மறந்துவிட்டு அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் மறப்பதில்லை. கடையில் பகல் முழுக்க வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அணையவில்லை.

கொடுக்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்டேன், மெஷினை எங்கே வைத்திருக்கிறாய் என்று. மலையிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் திருகெல்லாம் துருவேறி இருக்கும், பலகையில் பூசணம் பூத்திருக்கும். ஈரம்தான் அங்கே எமன். அதனால் பாண்டி சொன்ன பதில் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது: "நல்லாக் காஞ்ச எடத்துலதேன் வச்சிருக்கேன், அதப்பத்திக் கவலையே படாதீக."

கடைக்கு வந்தால் சமர்த்து

அடுத்த வாரமே பெட்டியோடு வந்து நின்றான். பழையபடி அணைகிறதாம். கடையில் மாட்டினேன், ஓடியது. மறுநாளும் ஓடியது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளையைப் போல, நம் மேசைக்கு வந்ததும் சமர்த்தாகிவிடும் மெஷின்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூலரைக் கழற்றினேன், பசையைப் பார்த்தேன், காற்றாடியின் வேகத்தைப் பார்த்தேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் ஓடுகிற கூலர் இருக்கிறதாமே, அதைப் போடலாமா என்று பாண்டி கேட்டான். அது இதைவிடப் பெரிய தலைவலி என்று மறுத்துவிட்டேன். ஆனால் திருப்பி எடுத்துக்கொண்டு போனவன் வீட்டிலிருந்து போன் செய்தான். மறுபடியும் அணைந்துவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு கல்யாணம். காலையில் கட்டுகிற தாலியை அன்று மாலை வரவேற்பிலேயே பெரிய திரையில் படமாக ஓட்டுவதாகப் பாண்டி வாக்குக் கொடுத்திருந்தான். அவனுக்கு டவுனில் கிடைத்த முதல் பெரிய வேலை. சொதப்பினால் அடுத்து ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதே சமயத்தில் பழைய ஜீப் முதலாளியும் டிரைவர் இல்லாமல் தவித்துக்கொண்டு, திங்கட்கிழமை முதல் வந்துவிடு என்று தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாண்டியும் சரி என்று சொல்கிற நிலைக்கு வந்துவிட்டான். இதையெல்லாம் என்னிடம் சொன்னது அவன் மனைவி ஈஸ்வரி. புருஷன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்து, அழாமல், நிதானமாகச் சொன்னாள்: "எந்தக் கூலரு வேணும்னாலும் போடுங்கக்கா, அவரு திரும்ப அந்த ஜீப்புல மட்டும் ஏறக் கூடாது."

மெஷின் இருந்த இடம்

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பினேன். ஒரு மெஷின் என் மேசையில் ஒழுங்காக ஓடி இன்னொரு மேசையில் படுத்தால், தப்பு அந்த மேசையில்தான் இருக்க வேண்டும். ஏலக்காய் மூட்டை ஏற்றப் போகிற ஜீப்பில் இடம் கிடைத்தது. பாதி வழியிலேயே பாண்டியின் இடுப்பு ஏன் போனது என்று என் இடுப்பு எனக்குச் சொல்லிவிட்டது. மேலே விடாத சாரல். ஈஸ்வரி வேலை பார்க்கும் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு லயத்து வீடு, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டியதில் ஒன்று. உள்ளே போனால் சுவர் வியர்த்துக் கிடக்கிறது, கொடியில் துணி காயாமல் தொங்குகிறது, கம்ப்யூட்டரைக் காணோம். அது ஸ்டோரில் இருக்கிறது என்றான் பாண்டி.

பறித்த பச்சை ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். ஈஸ்வரிக்கு அங்கேதான் வேலை. காய் போடும் அறைக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. கதவைத் திறந்ததும் ஏலக்காய் மணத்தோடு அனல் முகத்தில் அடித்தது. சுவரில் கை வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புக் குழாய் போகிறது. இந்தப் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்தபடி நான் பார்த்துப் பார்த்து மாட்டிய கூலர், அனலை உறிஞ்சி அனலையே கார்டின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நாலு பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, யாருடைய கல்யாணப் பட்டோ, ரேடியோ, கட்டுக்கட்டாகத் தீப்பெட்டி. மழைக்காலத்தில் நனையக் கூடாத எதையும் இந்த மக்கள் ஸ்டோரில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். அதே அக்கறையோடு கம்ப்யூட்டரையும் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாண்டியோ, நான் இன்னும் பாராட்டவில்லையே என்ற ஏக்கத்தோடு சொன்னான்: "இங்க வச்சா செருப்புகூடப் பூசணம் பிடிக்காதுக்கா."

மண்டபத்து அறை

அன்றைக்கே மெஷினை லயத்துக்கு மாற்றினோம். ஓடுகிற வரைக்கும் அதன் சூடே அதற்குக் காவல், ஈரம் அண்டாது. நிறுத்திய பிறகு மர அலமாரிக்குள் வைத்து ஒரு சின்ன பல்பை எரியவிடச் சொன்னேன். சனிக்கிழமை முழுக்க ஓட்டினான், ஒரு தடவைகூட அணையவில்லை. ஞாயிறன்று பெட்டியோடு போடி மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால், வீடியோக்காரருக்கு என்று ஒதுக்கியிருந்தது சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த அறை. ஜன்னல் வழியாகச் சாம்பார் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. மண்டபத்தில் ஏசி இருந்தது மணப்பெண் அறையில் மட்டும்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். பெண்ணின் பெரியம்மா வாசலை மறித்தார். உள்ளே ஜடை பின்னிக்கொண்டிருந்த கல்யாணப் பெண், தான் படத்தில் அழகாக வர வேண்டுமா வேண்டாமா என்று பெரியம்மாவைக் கேட்டாள். பெட்டிக்கு மூலையில் இடம் கிடைத்தது.

தாலி கட்டுவதை எடுத்து முடித்ததிலிருந்து பாண்டி அந்த மூலையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஈஸ்வரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாவிட்டாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கார்டின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, எண்பது டிகிரிக்குக் கீழே நின்றது, அங்கேயே நின்றது. மாலை வரவேற்பில் மண்டபத்து விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டியபோது, பந்தியில் இருந்தவர்கள்கூட இலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாண்டியின் போன் அடித்தது. ஜீப் முதலாளி. பாண்டி கையை நீட்டுவதற்குள் ஈஸ்வரி எடுத்துக் காதில் வைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்: "அவரு சோலியா இருக்காரு, ஜீப்புக்கு வேற ஆளைப் பாருங்கண்ணே."

இப்போதெல்லாம் கூலர் கேட்டு வருகிறவர்களிடம் கார்டு என்ன கார்டு என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கப் போக, பாதிப் பேர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு எதிர்த்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.