மிதக்காத பை

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பயணப் பைகள் விற்கிறேன். ஒருநாள் மீனவர் ஒருவர் வந்தார். உப்பில் வெளிறிய சாரம் உடுத்திருந்தார். எதைத் தொடமுன்னும் கையை அதில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி போகாத பை இருக்கோ? அடையாள அட்டை வைக்க."

கழுத்தில் மாட்டும் மஞ்சள் பையைக் காட்டினேன். "கழண்டு விழுந்தாலும் மிதக்கும், அண்ணை."

"மிதக்கிறது வேணாம் தங்கச்சி. உடம்போட நிக்கிறதாத் தாங்கோ."

"ஏன் அண்ணை?" என்றேன்.

"கடலுக்குப் போன என்ர தம்பி எங்கேயோ சவமாக் கரையொதுங்கினவன். ஆரெண்டு தெரியாமலே மண்ணில தாட்டுப்போட்டினம். நாங்கள் பிந்தித்தான் அறிஞ்சனாங்கள்."

இடுப்பில் கட்டும் பையொன்றை எடுத்து, அதன் வாரைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார்.

இப்போதும் படகேற வரும் வெள்ளைக்காரர் அந்த மஞ்சள் பையைத் தூக்கி, மிதக்குமா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்ல எனக்குச் சற்று நேரமெடுக்கிறது.