மூன்றாம் எண்ணில் பிறந்த பதிவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. எல்லோரும் 'டேட்டா சார்' என்று கூப்பிடும் அந்த மனிதர் இன்றும் இருக்கிறார். கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

ஒரே நிர்வாகத்தின் கீழ் மூன்று மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் ஒரு சர்வர். ஒன்றில் பதிந்தால் மற்ற இரண்டுக்கும் நகல் போய்விடும். எந்த சர்வரில் பிறந்த பதிவு என்று தெரிய, அதனதன் எண்ணும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். ஒரே நோயாளியின் பக்கத்தை இரண்டு இடங்களில் மாற்றினால், பிந்திய நேரம் காட்டுவதுதான் நிற்கும். இத்தனையையும் கட்டி மேய்த்தவர் டேட்டா சார்.

மூன்றாம் சர்வரின் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது. அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் பகல் 2.17-க்கு மூன்றாவது மருத்துவமனை நர்ஸ் ஒரு நோயாளியின் பக்கத்தில், 'பென்சிலின் ஆகாது' என்று பதிந்தாள். நான்கு நிமிடம் முன்னால் வேறு மருத்துவமனையில் சேமித்த பழைய பக்கம் புதியதென்று எண்ணப்பட்டு, அவள் எழுதியதை அழித்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள். நோயாளி பிழைக்கவில்லை.

விசாரணையில் நர்ஸ் அழவில்லை.

"நான் பதிஞ்சேன் சார்."

"அப்படி எதுவும் வரல," என்றார் டேட்டா சார். அவள் பதிவின் தடத்தை முதல் நாளே துடைத்திருந்தார். அவள் வேலை போனது. மூன்றாம் சர்வரை நிறுத்தி, டிஸ்க்கைத் தன் கையாலேயே உடைத்து, வெறும் பெட்டியைக் கிடங்கில் போட்டார். புதிதாக வந்ததற்கு நான்கு என்று எண் கொடுத்தார். அதன் பிறகு வீட்டில் ஒருநாளும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு வருடம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் 2.17. இறந்துபோனவரின் பக்கத்தில் ஒரு மாற்றம். 'பென்சிலின் ஆகாது.'

பிறந்த எண்: மூன்று.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அழித்தார்.

புதன். 2.17. மறுபடியும்.

வியாழன். மறுபடியும்...

பத்து நாள் அழித்தார். பதினோராம் நாள், 2.10 மணிக்குக் கிடங்கு அறைக்குப் போனார். மூலையில் அந்தப் பழைய சர்வர். ஒயர் இல்லை. மேலே ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

கை வைத்தார்.

சூடாக இருந்தது.

2.17.

டக்... டக்... டக்டக்...

உள்ளேயிருந்து.

மேசைக்கு ஓடினார். பக்கம் திறந்தே இருந்தது. இந்தமுறை மருந்தின் பெயர் இல்லை.

'நான் பதிஞ்சேன் சார்.'

அதை அவர் அழிக்கவில்லை. நேராக மேலாளர் அறைக்குப் போனார். "தப்பு என்னோடது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நர்ஸ் வீட்டுக்கு ஃபோன் செய்தார். அவள் கணவன் எடுத்தான்.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."



"போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில மாடிப்படியில விழுந்துட்டா சார். ஒன்பது நாள் நினைவே இல்ல. மத்தியானம் ஆனா கை விரல் மட்டும் போர்வை மேல தட்டிக்கிட்டே இருக்கும். டைப் அடிக்கிற மாதிரி. டாக்டருக்கே புரியல."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நேத்து காலையில அடக்கம் பண்ணிட்டோம்."