வார்னிஷ் காயட்டும்

"நன்கு பராமரிக்கப்பட்ட பழைய பாணி மரப் பாய்ப்படகு. நீளம் முப்பத்தாறு அடி. நால்வர் படுக்கலாம். தகுதியுள்ள புதிய உரிமையாளரை எதிர்நோக்கியிருக்கிறது." இப்படித் தொடங்கிய விளம்பரத்தை எழுதி முடிக்க கேப்டனுக்கு மூன்று வாரம் பிடித்தது. மொத்தம் பதினோரு வரி. அதில் ஒன்பது வரி மரத்தின் பளபளப்பைப் பற்றியது. படகு ஓடுமா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் மனைவி சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

"நாலு பேர் படுக்கலாம்னு போட்டிருக்கீங்களே. இதுவரைக்கும் யாராவது படுத்திருக்காங்களா?"

"படுக்கலாம்னுதான் போட்டிருக்கேன். படுத்தாங்கன்னு போடல."

முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து ஆய்வாளராக இருந்தவரிடம் வேறு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? இடிந்த சுவரையும் எரிந்த கடையையும் நேரில் போய்ப் பார்த்து, அது இடிந்ததற்கும் எரிந்ததற்கும் உரிமையாளரே காரணம் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. "கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்ற இரண்டு வார்த்தையை அவர் எழுதும் அழகைப் பார்த்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கையெழுத்துப் பழகினார்கள். அந்தப் படகுகூட அப்படி வந்ததுதான். ஒரு கண் மருத்துவர் புயலில் அடிபட்ட தன் படகுக்கு இழப்பீடு கேட்டார். ஆய்வாளர் போனார், தட்டினார், தடவினார், பராமரிப்புக் குறைவு என்று நிராகரித்தார். "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே வச்சுப் பராமரியுங்க" என்று மருத்துவர் வெறுத்துப்போய்ச் சொன்னார். ஆய்வாளர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறு வருடமே கிடைத்த விலைக்கு வாங்கியும் விட்டார். ஒரு தொப்பியும் வாங்கினார். தெரு அவருக்குக் கேப்டன் என்று பட்டம் கட்டியது.

இருபத்தாறு வருடத்தில் அந்தப் படகு இருந்த இடத்தை விட்டு நகர்ந்தது மூன்று முறை. முதல் முறை, மருத்துவரின் ஆள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தபோது. அப்போது கேப்டன் உள்ளே மண்டியிட்டுக் கீறல்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது, துறையில் சேறு வாரிய சமயம், படகுப் பட்டறைக்காரர் அதைக் கயிறு கட்டி இழுத்து நாற்பது அடி தள்ளிக் கட்டியபோது. மூன்றாவது முறை ஒரு பெருங்காற்றில் கயிறு அறுந்து அதுவாகவே கிளம்பிப் போனது. பட்டறை ஆட்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டை விட்டு ஓடிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் கேப்டன் அதை ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் அவரிடம் நியாயமான பதில் இருந்தது. அந்த ஊரில் வருடத்துக்கு நாலு மாதம்தான் வெயில். மீதி மழை, இல்லையென்றால் காற்று. வார்னிஷ் அடிக்க வெயில் வேண்டும். கடலுக்குப் போகவும் அதே வெயில்தான் வேண்டும். முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், ஒரு பூச்சு, ஒரு நாள் உலர்த்தல், மறுபடி தேய்ப்பு. இப்படி எட்டுப் பூச்சு. தளம் முடிந்தால் கைப்பிடி, கைப்பிடி முடிந்தால் அறைக் கதவு. எல்லாம் முடிந்து, கண்ணாடி மாதிரி மின்னும் படகைப் பார்த்து அவர் நெஞ்சு நிமிர்த்தும் நாளில் சரியாக முதல் மழைத்துளி விழும். தார்ப்பாய் போட்டு மூடுவார்.

துறைக்கு நேரெதிரே கடலில் ஒரு சின்னத் தீவு இருந்தது. நாலைந்து பாறை, ஒரு கலங்கரை விளக்கம், பாய் விரித்தால் ஒன்றரை மணி நேரம். படகு வாங்கிய வாரம் மனைவி அங்கே போகலாமா என்று கேட்டாள். "வார்னிஷ் காயட்டும்" என்றார். நம்பிக்கைக்காரி, கடைக்குப் போய் நீல நிறத்தில் ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்தாள். தீவில் பாறைமேல் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அந்த ஃபிளாஸ்க் அட்டைப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு பரண்மேல் ஏறியது. மகள் பிறந்தாள், பள்ளிக்குப் போனாள், கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். வார்னிஷ் மட்டும் காயவில்லை. மகளிடம் தொலைபேசியில் பேசும்போது மனைவி அந்தப் படகை "உங்கக்கா" என்றுதான் சொல்வாள். "உங்கப்பா எங்கன்னு கேக்கறியா, உங்கக்காவுக்குத் தலை சீவிவிடப் போயிருக்காரு."

அந்தப் படகில் ஏற விதிகள் இருந்தன. செருப்பு கூடாது. சாவிக்கொத்து கூடாது. அடுப்பில் எதுவும் வைக்கக் கூடாது, மரத்தில் வாசம் ஏறும். மெத்தைகள் வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தன. மைத்துனர் ஒருமுறை சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறிவிட்டார். இரண்டு வருடம் அவரோடு பேச்சில்லை.

இப்போது விற்பனைக்கு வந்ததற்குக் காரணம் முழங்கால். இனி மண்டி போட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேய்க்க முடியாதவர் கையில் படகு இருக்கக் கூடாது என்று கேப்டனே தன் கோரிக்கையை நிராகரித்துக்கொண்டார்.

விளம்பரம் பார்த்து வந்தவர்களுக்கு அவர் நாலு பக்கப் படிவம் கொடுத்தார். வீட்டில் நாய் உண்டா, குழந்தைகளுக்கு வயது என்ன, ஈரத்துணியைப் பிழிந்து துடைப்பீர்களா பிழியாமலா என்று முப்பத்திரண்டு கேள்வி. எவ்வளவு வேகம் போகும் என்று வாயைத் திறந்த ஒருவர் படிவமே இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார். ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தாள். நாற்பது வயதிருக்கும். அப்பாவின் மீன்பிடிப் படகில் வளர்ந்தவளாம், பத்து வருடமாகச் சேர்த்து வைத்து ஒரு பாய்ப்படகு தேடுகிறாளாம். "படகை எவ்விதம் பயன்படுத்துவீர்கள்" என்ற கேள்விக்கு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தது. அவள் "ஓட்டுவேன்" என்று ஒரே வார்த்தை எழுதினாள். கேப்டன் அதன் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டார்.

அவருக்குப் பிடித்தவர் ஒரு நட்சத்திர ஓட்டல் முதலாளி. வரவேற்புக் கூடத்தின் நடுவே படகை நிறுத்தப் போகிறாராம்.

"சுத்தியும் கண்ணாடி போட்டுடுவோம் சார். குளிர்சாதனம் இருக்கு. மாசம் ஒரு தடவை பாலிஷ். ஒரு சொட்டுத் தண்ணி படாது."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் தன்னைப் புரிந்துகொண்ட முதல் மனிதர். திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி தட்டு வைக்கவில்லை.

"தண்ணியே படாத இடத்துல படகை வைக்கறதுக்கு, அந்தாளுக்கு ஒரு அலமாரி வாங்கிக் குடுத்திருக்கலாமே."

"உனக்குப் புரியாது. அங்க போனா அதுக்கு ஒரு குறையும் வராது."

"இங்க பாருங்க. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணுதான் கேட்டேன். அந்தத் தீவு. திங்கக்கிழமை அது கண்ணாடிக்குள்ள போயிடுச்சுன்னா, எனக்கு அதுவும் இல்லன்னு ஆயிடும். பஸ் ஓட்டற பொண்ணுக்கு நான் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல வந்து ஓட்டிப் பாக்கறா. பிடிச்சா அவளுக்கு. நானும் கூடப் போறேன். ஓட்டம் நடக்கலன்னா, உங்க இஷ்டம், கண்ணாடிக்கே குடுங்க. நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

கேப்டன் தலையாட்டினார். ஓட்டம் நடக்காவிட்டால் என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் நன்றாக ஏறியது.

சனிக்கிழமை சாயங்காலம், மருந்து வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். போகிற போக்கில் சோபாவின் சின்ன மெத்தை ஒன்று அவரோடு போனது. துறையில் அதை முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு, முனகி முனகி, தளத்துக்கும் உட்காரும் பலகைகளுக்கும் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தார். தேவையே இல்லாத பூச்சு. ஆனால் என்ன பூச்சு. தூரிகை போன தடமே தெரியவில்லை. அவர் வாழ்நாளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று அவருக்கே தோன்றியது.

ஞாயிறு காலை வெயில் சுள்ளென்று இருந்தது. தரையிலிருந்து கடலை நோக்கி இதமான காற்று. பேருந்து ஓட்டுநர் கான்வாஸ் பையோடு வந்தாள். பட்டறைக்காரர் வேடிக்கை பார்க்க ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வருத்தம் தெரிவிக்கும் பழைய அலுவலகக் குரலில் ஆரம்பித்தார்.

"மன்னிக்கணும்மா. கடைசிப் பூச்சு நேத்துதான் அடிச்சேன். இருபத்துநாலு மணி நேரம் காயணும். இப்ப பதினாறுதான் ஆகுது. தொட்டா விரல் பதிஞ்சிடும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த ஞாயிறு எனக்கு டியூட்டி சார்."

"அடடா" என்றார் கேப்டன். அதற்குமேல் அவரால் வருத்தப்பட முடியவில்லை.

மனைவி படகருகே வந்தாள். தோள்பையைக் கீழே வைத்தாள். அதற்குள்ளிருந்து நீல ஃபிளாஸ்க்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றித் துறையின் ஓரமாகச் சேர்த்து விட்டாள். விதி விதிதானே. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி, அவர் வாழ்நாளின் சிறந்த பூச்சின் நட்ட நடுவில் வைத்தாள்.

கால் ஒட்டியது. எடுத்தபோது ஐந்து விரலும் குதிகாலும் அச்சுப் போட்டதுபோல் பதிந்திருந்தன. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. போய்ப் பலகையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கேப்டன் தடங்களை எண்ணினார்.

"சோபா மெத்தைல நேத்தே வாசம் அடிச்சுது" என்றாள் அவள். "இருபத்தாறு வருஷமா காயட்டும் காயட்டும்னு இருந்தாச்சு. நான் ஈரத்துலயே போறேன். நீ கயித்தை அவிழ்த்து விடும்மா."

ஓட்டுநர் கேப்டனைப் பார்த்தாள். பிறகு தானும் காலணியைக் கழற்றிவிட்டு ஏறினாள். "அக்கா, அந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று அவள் சொல்வதும், மனைவி எதையோ பிடிப்பதும் தெரிந்தது. வரச் சொல்லி யாரும் கேப்டனைக் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் ஏறியிருக்கலாம். அவருக்கு அந்த ஈரத்தில் கால் வைக்க மனம் வரவில்லை. இடைவெளி ஒரு முழமாயிற்று, ஒரு ஆள் நீளமாயிற்று, பிறகு தண்ணீர்தான்.

துறை வாயிலைத் தாண்டியதும் பாய் ஏறியது. ஒரு தடவை படபடத்து, காற்றை வாங்கிக்கொண்டு உப்பியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விறுவிறுவென்று போயிற்று.

"அண்ணே, நீங்க இது ஓடறத வெளியில நின்னு பாத்ததே இல்லல்ல" என்றார் பட்டறைக்காரர்.

பார்த்ததில்லை. ஒவ்வொரு அங்குலத்தையும் மூக்கு உரசப் பார்த்தவர் அவர், முழுதாகப் பார்த்தது இன்றுதான். அழகாக இருந்தது. அவருக்குப் பெருமை பொங்கியது. அடுத்த மூச்சிலேயே அந்தப் பெருமையில் தனக்குப் பங்கு இல்லை என்று தோன்றி வெட்கமாக இருந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டார். அவள் கேட்டது மரத்தையா?

பட்டறைக்காரர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். கேப்டன் அந்த டின்மேல் உட்கார்ந்தார். மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் நாலரை மணி நேரம் காத்திருந்தார். காத்திருப்பது இவ்வளவு நீளமான வேலை என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது மனைவியின் தலைமுடி உப்பில் விறைத்துக் கலைந்திருந்தது. உடையின் பின்புறமெல்லாம் வார்னிஷ். ஓட்டுநர் கயிற்றைக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"சார், பாய்க்கயிறெல்லாம் இறுகிப் போய்க் கிடக்கு, உருளைங்க சுத்த மாட்டேங்குது. ஆனா ஓட ஓட சரியாயிடும். நான் எடுத்துக்கறேன். ஒரே ஒரு விஷயம், அந்தக் கால் தடத்த நீங்க தேய்க்கக் கூடாது. அப்படியே இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார்.

"ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன். அக்கா வர்றாங்க. நீங்களும் வாங்க சார்."

ஓட்டுநர் போன பிறகு மனைவி ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினாள்.

"உங்களுக்குன்னு கொஞ்சம் வச்சேன். ஆனா ஆறிப்போச்சு. அங்க போய்ச் சேர்றதுக்குள்ளயே ஆறிடுச்சு. பச்சைத் தண்ணி மாதிரிதான் குடிச்சோம்."

கேப்டன் ஃபிளாஸ்க்கை வாங்கிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. விலைச்சீட்டு அப்படியே இருந்தது. மூடியைக் கழற்றி, பழக்கதோஷத்தில் உள்ளே விரலை விட்டுத் தடவினார். ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. இன்றுவரை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத ஃபிளாஸ்க். இதற்கு யார் காரணம் என்று எழுத ஆய்வாளர் தேவையில்லை. அந்த ஆறின டீயை அவர் மிச்சமில்லாமல் குடித்தார்.

"தீவு எப்படி இருந்துச்சு?"

"பாறைதான்" என்றாள். சிரித்தாள். "நல்லா இருந்துச்சுங்க."

மறுநாள் காலை ஓட்டல் முதலாளிக்குத் தொலைபேசியில் இரண்டே வார்த்தை சொன்னார், முப்பது வருடம் எழுதிய அதே இரண்டு வார்த்தை. பிறகு நீல ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். ஐந்து கடை ஏறி இறங்கினார். அந்த மாதிரிக்கு இப்போது வளையம் வருவதில்லை என்றார்கள். ஆறாவது கடையில் புதிதாக ஒன்று வாங்கினார், நீல நிறத்திலேயே. கடைக்காரர் முன்னால் நின்றபடி விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த பிசின் வரவில்லை. உப்புத்தாள் வீட்டில் ஒரு கட்டு இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"அட்டைப் பெட்டில போட்டுத் தரட்டுமா சார்?"

"பெட்டி வேணாம். வெளிய எடுத்துட்டுப் போறதுக்குத்தான்."