இரண்டு ஏழாம் நம்பர் மட்டைகள்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விற்பவர் அல்ல, கண் பரிசோதிப்பவர். பின்பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, முன்னாடி போட்டது நல்லா தெரிஞ்சுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். அந்தக் கேள்வி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. செருப்பு வாங்கப் போனாலும் தலையணை வாங்கப் போனாலும் இதுவா அதுவாதான். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லவே மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனிதர். அவசரப்பட்டிருந்தால் வேறு யாரையாவது கட்டியிருப்பாராம். அதை எனக்குப் பாராட்டு என்று நினைத்துச் சொல்வார்.

அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர், ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தும் நீளம். அதனால் பெயர் ஒட்டகம். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தே பழகியதால், எங்கள் சோபாவில் இருந்து டிவி பார்க்கும்போதுகூட அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் இளவயதில் நகராட்சி மைதானத்தில் கோல்ஃப் பழகினார்கள். ஒன்பதே குழி, புல் பாதி, மண் பாதி. யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி ஆடலாம். அப்புறம் இவருக்குத் தோள்பட்டை இறுகிப்போனது. கையைத் தூக்கிச் சட்டை போடவே நான் வர வேண்டியிருந்தது. மட்டைகளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை மறந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் ஒருநாள் ஒட்டகம் வந்து சோபாவில் உட்கார்ந்தார். கால் பிரேக்கை மிதிக்கவில்லை.

"நுரையீரல்ல கட்டியாம் தங்கச்சி. ஆபரேஷன் பண்ற கட்டத்தைத் தாண்டிடுச்சாம்" என்றார், யாரோ ஒருவருக்கு வந்தது போல. பிறகு இவரைப் பார்த்து, "டேய், இப்போதைக்கு நடக்க முடியுது. நடக்க முடியறப்பவே ஒரு ஆட்டம் ஆடிடுவோம்டா. ஒன்பது குழி. அவ்வளவுதான் கேக்கறேன்."

"ஆடுவோம்டா. முதல்ல நான் ஒரு மட்டை பாக்கறேன்" என்றார் இவர்.

அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு பழைய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் சிடுமூஞ்சி, ஆனால் விஷயம் தெரிந்தவர். "ரொம்ப நாள் விட்டுட்டுத் திரும்ப வர்றீங்க, தோள்பட்டையும் சரியில்ல. புது மாடலுக்கு ஆசைப்படாதீங்க, அஞ்சாறு வருஷப் பழசே போதும். முழு செட் எதுக்கு, ஏழு மட்டை இருந்தா ஆடிடலாம்" என்றார். ஒரு மட்டையைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். நடுவில் குழிந்து, கனமெல்லாம் விளிம்பில் இருந்தது. "நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் பந்து ரொம்ப விலகாது. அடிப்பக்கமும் அகலம், மண்ணுல குத்தி நிக்காது. நீங்க தப்பா அடிச்சா இது பொறுத்துக்கும். தண்டும் லேசு, தோளுக்கு நல்லது."

வீட்டுக்காரர் அதை வாங்கி மெதுவாக வீசிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தூரத்துக்குத் தகுந்தபடி நம்பர் போட்ட அந்த மட்டைகளில் ஏழாம் நம்பர் அது. வாங்கிவிட்டார் என்றே நினைத்துப் பையைத் திறந்தேன்.

"இதே மாதிரி வேற கம்பெனியில இருக்கா?" என்றார்.

இருந்தது. அதுவும் ஏழாம் நம்பர்தான். கடையின் பின்னால் வலை கட்டிய மூலையில் இதில் நாலு அடி, அதில் நாலு அடி. மட்டை முகத்தில் டால்கம் பவுடரைத் தூவி, பந்து பட்ட தடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பழையபடி இது, பழையபடி அது. "யோசிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அடுத்த சனியும் போனார். அதற்கடுத்ததும் போனார். பவுடர் டப்பாவை அவரே கொண்டுபோனார். இதில் சத்தம் நன்றாக இருக்கிறதாம், அதில் கைக்கு அதிர்வு குறைவாம். ஒட்டகம் போன் போட்டுப் போட்டுக் கேட்டார், "வாங்கிட்டியாடா?" ஒருமுறை, "என் மட்டைப் பையிலயே ரெண்டு பேரும் ஆடலாம்டா, எதை வேணா எடுத்துக்கோ" என்றார். குரலில் இளைப்பு எனக்கே கேட்டது.

"உன் மட்டை உன் உயரத்துக்கு வாங்கினது. நான் அடிச்சா பந்து வளைஞ்சு போகும். உன்கூட ஆடறப்ப அசிங்கமா ஆடக் கூடாதுடா. இன்னும் ஒரு வாரம்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மனுஷன் உங்க ஆட்டத்தைப் பாக்கவா கூப்பிடறாரு? விளக்குமாத்தை எடுத்துட்டுப் போனாக்கூட சந்தோஷப்படுவாரு. கிளம்புங்க!" என்று கத்தினேன். அவருக்கு உறைக்கவில்லை. நல்லதாகக் கொடுப்பதுதான் அன்பு என்று அவருக்கு எப்போதும் ஒரு எண்ணம். சுமாரானதைக் கொடுக்கவே தெரியாது.

மைதானத்தில் இடத்தை ஒட்டகமே பதிவு செய்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பேர் என்று. அப்படியாவது இவர் முடிவெடுப்பார் என்று பார்த்தார் போல. அதற்கு முந்தைய வாரமே மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் இவர் நேரே கடைக்குப் போய் வாங்கினார். பவுடர் இல்லை, வலை இல்லை. மட்டைப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்கில் குழாயோடு படுத்திருந்த ஒட்டகம், போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி மட்டையின் குழிந்த முதுகைத் தடவினார்.

"இது... முதல் நாளே நல்லா இருந்துச்சுன்னு போன்ல சொன்னியே, அதுதானே?"

இவர் தலையாட்டினார்.

"நல்ல மட்டைடா" என்றார் ஒட்டகம். அதற்கு மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால் இவர் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஒட்டகம் போய்விட்டார்.

எல்லாம் முடிந்த மறுநாள், ஒட்டகம் பதிவு செய்திருந்த அதே செவ்வாய்க்கிழமை, இவர் விடிகாலையில் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். பயந்துகொண்டு கூடவே போனேன்.

முதல் குழிக்கு ஆட்களை அனுப்புகிறவர், பதிவேட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருன்னு இருக்கே சார், இன்னொருத்தர்?" என்றார். இவர் பின்னால் நின்றவர்களைக் கைகாட்டி, "அவங்க போகட்டும்" என்றார். அவர்கள் போனார்கள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். இவர் மட்டையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னங்க, ஒரே ஒரு பந்து அடிச்சுட்டு வாங்க. அண்ணனுக்காக" என்றேன்.

"நான் எப்படிம்மா முதல்ல அடிக்கிறது? போன தடவை கடைசிக் குழியை ஜெயிச்சது அவன்தான். ஜெயிச்சவன் அடிச்ச பிறகுதான் அடுத்தவன் அடிக்கணும். எப்பவும் நாங்க அப்படித்தான்."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பின்னால் நாலு பேர் வந்து நின்றதைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.