ஒரே கூண்டில் இரண்டு காடைகள்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை. அண்ணனுக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று அம்மா பேசத் தொடங்கியிருந்தாள். அதற்கு முன் கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று டோல்கேட் பக்கம் போய் ஒரு ஜோடி காட்டுக்காடை வாங்கி வந்தாள். காலடிப்பேட்டையில் எங்கள் தெருப் பெண்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையில்லாதவள் தன் கையால் காடை ஜோடிக்குத் தீனி போட வேண்டும். முட்டை பொரிந்தால் அவளுக்கும் பிள்ளை பிறக்கும். பொரியாவிட்டால் குறை அவளிடம்தான்.

சிவப்புக் கழுத்து சேவல், வெளுத்த கழுத்து பெட்டை என்று விற்றவன் சொன்னானாம். வீட்டில் அப்படியே நம்பினார்கள்.

முட்டை வந்தது. இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. துறைமுகச் சங்கு ஊதினால் பதறிவிடுமோ என்று அண்ணி தன் பழைய புடவையைக் கூண்டின்மேல் போர்த்தி வைத்தாள். நாளாகியும் குஞ்சு வரவில்லை.

"இவ கையால துன்னா காடை கூட மலடாப் பூடுது," என்றாள் அம்மா. "நாளைக்கே பொண்ணு கேட்டு சடையங்குப்பத்துக்கு ஆள் அனுப்பறேன்."

அண்ணன் சோற்றுத் தட்டின் முன் குனிந்திருந்தான். அண்ணி குழம்புச் சட்டியோடு நின்றாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. கூண்டைத் திறந்து காடைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஒன்றின் தொண்டை செங்கல் சிவப்பு. கண்ணுக்கு மேல் நீளமான வெளிர் கோடு. அது புதர்க்காட்டில் வாழும் இனம். மற்றதன் தொண்டை மங்கல், கோடும் தெளிவாக இல்லை. அது கல்லும் முள்ளுமான வறண்ட நிலத்துக் காடை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கல்லூரியில் பதப்படுத்திப் பாடம் செய்து வைத்திருந்த காடைகளில் இரண்டு இனத்துச் சேவல்களுக்கும் மார்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருந்தன. இங்கே இரண்டு மார்பிலும் ஒரு பட்டை கூட இல்லை.

"யம்மா, இது ஜோடியே இல்ல. வேற வேற சாதிக் காடை. ரெண்டுமே பொட்டை."

"இன்னாடி சொல்ற? முட்டை வெச்சுதே!"

"சேவல் இல்லாமலும் முட்டை வெக்கும். குஞ்சு வராது."

அம்மா என்னை நம்பாமல் பார்த்தாள். அதுவரை அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத அண்ணி சட்டியைக் கீழே வைத்தாள்.

"பாத்துக்கினீங்களா அத்தே? ரெண்டு பொட்டைய ஒரே கூண்டுல போட்டாலும், சேவல் இல்லாம குஞ்சு வர்ல."

அண்ணனின் காது சிவந்தது. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "யம்மா, எங்கியும் ஆள் அனுப்பாத," என்றான். இந்தப் பேச்சில் அவன் வாய் திறந்தது அன்றுதான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "படிச்சவளே, சந்தோசமா இப்போ?"

அண்ணி அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

"ஆமா," என்றேன்.