உள்கியர் வாங்கிய சகலை

அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்தில் போன் வந்தது. என் மனைவியின் தங்கை மரகதம். "மாமா, உங்க சகலை எந்திரிக்க மாட்டேங்கறாருங்க" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்திருந்தது.

நல்லூர் பனியன் கம்பெனிகளுக்குச் சைக்கிளில் டீ கொண்டு சென்ற என் சகலை செல்லமுத்து அவர்களை அங்குள்ள டைலர்கள் எல்லோரும் அறிவார்கள். அறியாதவர்களுக்காக, எழுத்துத் தெரியாத நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

எங்கள் இருவருக்கும் மாமனார் வீடு ஒன்று, தொழிலும் ஒன்று. முழங்கால் வலி வந்ததும் ஒன்றாகவே கியர் சைக்கிள் பார்க்க அவிநாசிக்குப் போனோம். கடையில் இரண்டுதான் இருந்தன. ஒன்றில் ஏழு பல்சக்கரங்கள் வெளியே பளபளத்தன. மற்றதில் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மட்டும் சற்றுப் பருத்திருந்தது. மூன்று கியர்கள் அதற்குள்ளேயே இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

"மூத்தவரு நீங்க, மொதல்ல எடுங்க சகலை" என்றார் செல்லமுத்து.

ஏழு இருக்கும்போது மூன்றை யார் எடுப்பார்கள்?

"உங்களுக்கு அந்த டப்பா போதுமுங்களா?" என்று சிரித்தேன்.

"பஞ்சு பறக்குற ஊருங்க நம்முளுது. மூடியிருக்கறதே நல்லதுங்க."

அன்றுதான் நான் கடைசியாகச் சிரித்தது. சீக்கிரமே என் பல்சக்கரங்களில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக அப்பிக்கொண்டன. அதைவிடக் கொடுமை நல்லூர் மேடு. மிதித்துக்கொண்டே இருந்தால்தான் என் கியர் மாறும். அந்த மேட்டிலுள்ள கம்பெனி கேட்டில் நின்றுவிட்டால், டீ கேனோடு இறங்கித் தள்ள வேண்டியதுதான். அவரோ ஒரு காலைத் தரையில் ஊன்றி, டைலர்களிடம் கேலி பேசிக்கொண்டே கைப்பிடியைத் திருகுவார். 'டிக்' என்று ஒரு சத்தம். நின்ற இடத்திலேயே லேசான கியர் விழும். ஏறிப் போய்விடுவார். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

"பெரியவரே, செல்லமுத்தண்ணன் சூடாக் குடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்று டைலர்கள் வேறு சொல்வார்கள்.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: "வண்டிய மாத்திக்கலாமுங்களா சகலை?"

"ஏழு கியரு வண்டிய விட்டுட்டு டப்பா வண்டிக்கு வருவீங்களா? உங்க கவுரவம் என்னாவறதுங்க?" என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "வேற எது வேணாலும் கேளுங்க, தர்றேன். இத மட்டும் கேக்காதீங்க" என்றார். கேட்டபோதெல்லாம் மற்றதைத் தரவும் செய்தார். என் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் இரவு பகலாக டீ போட்டவர் அவர்தான்.

அவரைக் கிடத்தியிருந்த அன்றும் மாலைகளைத் தாண்டி என் கண் சுவரோரம் நின்ற வண்டிக்கே போனது. காரியமெல்லாம் முடிந்ததும் மரகதத்திடம் மெல்ல ஆரம்பித்தேன்: "வண்டி சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போயிரும், கண்ணு."

"நிக்காதுங்க மாமா. நாளையிலிருந்து நாந்தான் டீ கொண்டு போறேன். ஓட்டறதுக்கு அவரே பழக்கி விட்டிருக்காருங்க" என்றார் மரகதம்.

இன்று காலை நல்லூர் மேட்டில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். முன்னால் கம்பெனி கேட்டில் மரகதம், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். 'டிக்.' ஏறிப் போய்விட்டார்.

நல்லபடியாகப் போய் வாருங்கள், சகலை. வண்டி நல்ல கையில்தான் இருக்கிறது. என் கைக்குத்தான் வரவில்லை.